நாரும் ஒயரும்

அந்தமானில், போர்ட் பிளேரின் ஃபீனிக்ஸ் பேயில் காலை ஐந்து மணிக்கே விடிந்துவிடுகிறது. சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே வந்த பிறகும் கடிகாரம் மட்டும் இந்திய நேரத்தைப் பிடித்துக்கொண்டிருப்பதால் வரும் கூத்து இது. ஸ்வராஜ் தீவு, ஷஹீத் தீவு போகிற கப்பலுக்காக ஜெட்டி வாசலில் வரிசை சேர்ந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் கரையோரம் கட்டியிருந்த ஒரு சிறிய படகின் எஞ்சின் அறையிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். காலுக்குரியவர் உள்ளே கவிழ்ந்து கிடந்து ஒயர் கட்டிக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். பெற்றோர் ராமநாதபுரத்திலிருந்து வந்தவர்கள் என்று பிறகு சொன்னார். பேச்சில் தமிழோடு இந்தியும் கலந்து வந்தது. இந்தத் தீவுகளின் தமிழ் அப்படித்தான்.

அவர் கையில் கேபிள் டை இல்லை, இன்சுலேஷன் டேப்பும் இல்லை. மெழுகு பூசிய நூல் ஒரு உருண்டை இருந்தது. எட்டு ஒயர்களை ஒன்றாகச் சேர்த்து, நான்கு விரல் இடைவெளிக்கு ஒரு முடிச்சாகக் கட்டிக்கொண்டே வந்தார்.

“ஏண்ணே, டை போட்டா அஞ்சு நிமிஷ வேலைதானே?”

“அஞ்சு நிமிஷம்தான் தம்பி. நறுக்கிவிட்ட நுனியைத் தொட்டுப் பாரு.”

பக்கத்தில் கிடந்த பழைய பிளாஸ்டிக் டையை எடுத்துக் கொடுத்தார். நறுக்கிய முனை பிளேடு மாதிரி இருந்தது. எஞ்சின் ஓட ஓட அந்த முனை பக்கத்து ஒயரின் மேலுறையை அறுத்துக்கொண்டே இருக்கும். அவர் கழற்றிப் போட்டிருந்த ஒயரில் அந்தத் தழும்பு இருந்தது. தழும்புக்குள் செம்பு பச்சையாகியிருந்தது.

“களிம்பு ஏறிடுச்சு பாத்தியா? இங்க வெட்டு விழுந்தா கடலு உள்ள வந்துரும்.”

முடிச்சை எங்கே கற்றார் என்று கேட்டேன். பழைய கப்பல் ஒன்றில் அந்த மாதிரிக் கட்டைப் பார்த்தாராம். பார்த்ததும் புரிந்துவிட்டதாம். “எங்கம்மா பூ கட்டுற கட்டுதான்.”

இந்த அத்தியாயம் வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் அதற்குள் ஒயர் இழுக்கும் கலையைப் பற்றியது. அதைப் படகிலிருந்து தொடங்குவதற்குக் காரணம் இருக்கிறது. விமானத்து ஒயருக்கு இரண்டு எதிரிகள்: அதிர்வும் ஈரமும். ஃபீனிக்ஸ் பேயில் இரண்டும் இலவசம். பிரிட்டிஷ் கைதிக் குடியேற்றக் காலத்திலிருந்தே இந்தக் கரையில் பட்டறைகள் இருந்திருக்கின்றன. இன்று கடல்துறையின் கப்பல் பட்டறை இருக்கிறது. யாரும் இங்கே கொட்டகை போட்டுச் சொந்த விமானம் கட்டவில்லை. ஆனால் விமானம் கட்டுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில் பாதியை இந்தப் பட்டறைக்காரர்கள் தினமும் செய்கிறார்கள்.

வீட்டில் விமானம் கட்டுவது நமக்கு அந்நியமான பைத்தியக்காரத்தனம் என்று நினைக்க வேண்டாம். 1910 மார்ச்சில், பல்லாவரத்தில், ஜாக்கோமோ டி’ஆஞ்சலிஸ் என்பவர் தானே வரைந்த விமானத்தைப் பறக்கவிட்டார். மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்தியவர். முந்தைய ஆண்டுதான் பிரெஞ்சுக்காரர் பிளேரியோ விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்திருந்தார். அந்தச் செய்தி இவரைப் பிடித்து ஆட்டியது. கோச்சு வண்டி செய்துவந்த சிம்சன் கம்பெனியில் விமானத்தைக் கட்டவைத்தார். நம் காலத்தில் மும்பை சார்கோப்பில், அடுக்குமாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் விமானி அமோல் யாதவ் ஆறு பேர் அமரும் விமானத்தைக் கட்டினார். 2016 மேக் இன் இந்தியா கண்காட்சியில் அது நின்றது. 2017இல் விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ அதற்குப் பதிவு கொடுத்தது. கேரளத்தில் பிறந்து இங்கிலாந்தில் வாழும் அசோக் தாமராக்‌ஷன் கொரோனா ஊரடங்கில் உதிரிப் பாகங்களை வரவழைத்து நான்கு இருக்கை விமானத்தைக் கட்டி முடித்து, குடும்பத்தோடு ஐரோப்பாவைச் சுற்றினார்.

டி’ஆஞ்சலிஸ் காலத்துக்கும் இந்த இருவர் காலத்துக்கும் இடையில் இறக்கையும் மாறியது. அதைவிட அதிகம் மாறியது ஒயர். 1910இல் விமானத்தில் மின்சாரம் என்றால் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும் மேக்னெட்டோவும் அதிலிருந்து போகும் சில கம்பிகளும்தான். இன்று இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தில்கூட ரேடியோ, டிரான்ஸ்பாண்டர், திரைகள், எரிபொருள் பம்ப், டிரிம் மோட்டார், இறக்கை நுனியில் மின்னும் விளக்கு என்று நூற்றுக்கணக்கான முனைகள். இறக்கையைக் கட்டுகிறவர் அளவுகோலோடும் வரைபடத்தோடும் கட்டுகிறார். ஒயருக்கு வரும்போதுதான் “அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்” என்று கை தளர்கிறது. பேனலைத் திறந்தால் இடியாப்பம்.

அந்த இடியாப்பத்திலும் எல்லா விளக்கும் எரியும், எல்லாத் திரையும் ஒளிரும். சிக்கலே அதுதான். ஒழுங்கில்லாத ஒயர் முதல் நாள் நன்றாகவே வேலை செய்யும்.

எத்தனை நாள்? ஒரு கணக்குப் போடலாம். நான்கு சிலிண்டர் எஞ்சின், நிமிடத்துக்கு 2,500 சுற்று. நான்கு வீச்சு எஞ்சினில் ஒரு சுற்றுக்கு இரண்டு வெடிப்பு. அதாவது விநாடிக்கு 83 உதை. ஒரு மணி நேரப் பறத்தலில் மூன்று லட்சம். நூறு மணி நேரத்தில் மூன்று கோடி. சும்மா தொங்கும் ஒயர் ஒன்று ஒவ்வொரு உதைக்கும் ஒரு முடி அளவு அசைந்தாலும், மூன்று கோடி தடவை அசைந்திருக்கிறது. கம்பியை ஒடிக்க நாம் என்ன செய்வோம்? அப்படியும் இப்படியும் வளைப்போம். எஞ்சினும் அதையேதான் செய்கிறது, பொறுமையாக.

வளைவு ஒரு உலோகத்தை எவ்வளவு வதைக்கிறது என்பது இரண்டு அளவுகளைப் பொறுத்தது: கம்பியின் தடிமன், வளைவின் ஆரம். 0.64 மில்லிமீட்டர் ஒற்றைக் கம்பியை 10 மில்லிமீட்டர் ஆரத்தில் வளைத்தால் அதன் வெளிப்புறம் 3 சதவீதத்துக்கு மேல் நீள்கிறது. அதே அளவு மின்சாரம் கடத்த, 0.16 மில்லிமீட்டர் இழைகள் 19ஐ முறுக்கிச் செய்த ஒயரை எடுத்துக்கொண்டால், ஒவ்வோர் இழையும் 0.8 சதவீதம்தான் நீளும். விமான ஒயர் எப்போதும் பல இழை ஒயராக இருப்பதற்கு இதுதான் காரணம். வீட்டுச் சுவருக்குள் போகும் கம்பி அசையாது; அதற்கு இந்தக் கவலை கிடையாது.

இனி, சால்டர். ஒயரை ஒட்டவைக்க ஈயப்பற்று வைப்பதே சிறந்தது என்று பலரைப் போல நானும் நம்பிக்கொண்டிருந்தேன். என் பழைய ஸ்கூட்டரின் ஹெட்லைட் ஒயரை அப்படித்தான் பளபளவென்று பற்றவைத்தேன். சில மாதங்களில் விளக்கு போனது. பிரித்துப் பார்த்தால் பற்று வைத்த இடம் கல் மாதிரி அப்படியே இருந்தது. ஒயர் ஒடிந்திருந்தது அதற்கு மூன்று மில்லிமீட்டர் தள்ளி.

விளக்கில் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல, உருகிய ஈயத்தை இழைகள் உறிஞ்சிக்கொள்கின்றன. உறைக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாமல், அது கொஞ்ச தூரம் ஏறி நிற்கிறது. அதுவரை 19 இழைகளும் சேர்ந்து ஒரே தடிக் கம்பி. அதற்கு அப்பால் நெகிழும் இழைகள். அதிர்வு முழுவதும் அந்த எல்லைக் கோட்டில் வந்து குவிகிறது. நெகிழ்வதும் நெகிழாததும் சந்திக்கும் இடத்தில்தான் ஒயர் சாகும். ஒயர் ஒழுங்கின் விதிகளில் பெரும்பாலானவை இந்த ஓர் உண்மையிலிருந்து பிறந்தவை.

விமானம் கட்டுகிறவர்கள் அதனால் கிரிம்ப் செய்கிறார்கள். நம் எலக்ட்ரீஷியன்கள் ‘லக் பஞ்ச்’ என்பார்களே, அது. குழல் போன்ற செம்பு முனைக்குள் இழைகளை நுழைத்து, அதற்கென்று உள்ள கருவியால் நசுக்குகிறோம். சரியான அழுத்தத்தில் இழைகளும் குழலும் ஒன்றோடொன்று இறுகி, இடையில் காற்றுகூடப் புகாத இணைப்பாகின்றன. காற்று புகாத இடத்தில் களிம்பும் வராது. நல்ல லக் இரண்டு இடத்தில் கடிக்கும். முதல் கடி செம்பை, அழுத்தமாக. இரண்டாவது கடி மேலுறையை, மென்மையாக. இந்த இரண்டாவதை ஆட்கள் மதிப்பதில்லை. உண்மையில் ஒயரைக் காப்பாற்றுவது அதுதான். வளைவை செம்பு நசுங்கிய இடத்திலிருந்து தள்ளி, உறை தாங்கும் இடத்துக்குக் கொண்டுபோகிறது. கட்டிங் பிளேயரால் நசுக்குகிறவர்களிடம் இந்த இரண்டு கடியும் ஒரே கடியாகிவிடும்.

சால்டர் பாவம் என்று இதற்கு அர்த்தமில்லை. பற்று வைத்த இடத்தையும் அதற்கு அப்பால் சில சென்டிமீட்டரையும் ஸ்லீவ் போட்டு, அசையாமல் கட்டிவைத்தால் அதுவும் நீண்டநாள் வாழும். ஆனால் நல்ல சால்டர் பற்று கையின் பழக்கத்தில் இருக்கிறது. நல்ல கிரிம்ப் கருவியில் இருக்கிறது. கருவி முழு அழுத்தத்துக்கு வராமல் வாயைத் திறக்காது. வாழ்நாளில் ஒரே ஒரு விமானம் கட்டப்போகிறவருக்கு நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். எதுவானாலும் முடிந்ததும் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்க்க வேண்டும். தரையில் கழன்று வருவது அதிர்ஷ்டம்.

மோசமான இணைப்பு என்ன செய்யும்? அரை ஓம்கூட வேண்டாம், பத்தில் ஒரு ஓம் தடை இருக்கட்டும். அதன் வழியே 10 ஆம்பியர் போனால் 10 வாட் வெப்பம். சின்ன சால்டரிங் அயர்ன் 25 வாட். அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான ஒன்றை பேனலுக்குப் பின்னால் மறந்து வைத்துவிட்டு வானத்தில் ஏறியதற்குச் சமம் இது. ஃப்யூஸ் போகாது, அதன் கணக்கில் 10 ஆம்பியர் நியாயமான ஓட்டம்தான். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஃப்யூஸோ பிரேக்கரோ ரேடியோவைக் காப்பாற்றுவதற்காக இல்லை. ஒயரைக் காப்பாற்றுவதற்காக. 22 கேஜ் ஒயருக்கு 5 ஆம்பியர், 20க்கு ஏழரை, 18க்கு 10 என்று ஒயரின் பருமனைப் பார்த்தே அதைப் போடுவார்கள். “அடிக்கடி போகிறது, பெரிய ஃப்யூஸாகப் போடு” என்பது வீட்டிலேயே தவறு, விமானத்தில் தீவைப்பு.

தீ என்றதும் 1998 செப்டம்பர் 2 நினைவுக்கு வருகிறது. நியூயார்க்கிலிருந்து ஜெனீவா கிளம்பிய ஸ்விஸ்ஏர் 111, கனடாவின் நோவா ஸ்கோஷியா கரையோரம் கடலில் விழுந்தது. 229 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. கனடாவின் விசாரணை நான்கு ஆண்டுகளுக்கு மேல் நீண்டது. விமானிகள் அறைக் கூரைக்கு மேலே, பயணிகளின் பொழுதுபோக்குத் திரைகளுக்காகப் பின்னர் சேர்த்த அமைப்பின் ஒயர் ஒன்றில் பொறி கிளம்பியிருந்தது. அருகிலிருந்த வெப்பத்தடுப்புப் போர்வையின் பளபளப்பு உறை பற்றிக்கொண்டது. விமான ஒயர் பற்றிய ஆராய்ச்சிகள் இன்னொரு பாடத்தையும் அழுத்திச் சொல்லின: உறையில் ஒரு கீறல் போதும். பொறியில் கருகும் பிளாஸ்டிக் கரியாகும், கரி மின்சாரத்தைக் கடத்தும், பொறி ஒயர் நெடுகப் பயணிக்கும்.

காப்டன் என்ற உறை அப்படிப்பட்டது. எடை குறைவு, வெப்பத்தைத் தாங்கும், எல்லோரும் ஆசைப்பட்ட பொருள். ஆனால் ஈரக் காற்றில் நாளடைவில் சிதைந்து வெடிப்பு விடும். கடலில் வாழும் விமானங்களை வைத்திருந்த அமெரிக்கக் கடற்படைதான் 1980களில் அதை முதலில் வெறுக்கத் தொடங்கியது. இன்று வீட்டு விமானக்காரர்கள் பெரும்பாலும் வாங்குவது டெஃப்ஸெல் உறை போட்ட, வெள்ளீய முலாம் பூசிய செம்பு ஒயர். 150 டிகிரி வரை தாங்கும். வீட்டுக் கடையில் கிடைக்கும் பிவிசி ஒயர் மலிவு. எரிந்தால் மூடிய சிறு அறைக்குள் அமிலப் புகை. இந்த மிச்சத்துக்கு ஆசைப்படக்கூடாது.

வெள்ளீய முலாம் ஏன் என்பதற்கு ஃபீனிக்ஸ் பே பதில் சொல்லும். சோற்று உப்புக்கு ஒரு குணம்: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தமானில் ஈரப்பதம் ஆண்டில் பெரும்பாலான நாட்கள் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஆண்டு மழை சுமார் 3,000 மில்லிமீட்டர். ஆகவே இங்கே ஒயர்மேல் படியும் உப்புத்தூசி தூசியாகவே இருப்பதில்லை. எப்போதும் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம். முலாம் இல்லாத செம்பை அரிப்பது அதுதான். அது மின்சாரம் கடத்தும். செம்பும் அலுமினியமும் தொடும் இடத்தில் அதுவே ஒரு பேட்டரி ஆகிவிடும். அந்தப் பேட்டரியில் கரைவது அலுமினியம், அதாவது விமானத்தின் உடம்பு.

இந்தத் துறைமுகம் கடலில் இறங்கும் விமானங்களுக்குப் புதிதல்ல. 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியர் போர்ட் பிளேரைப் பிடித்தபின், கவனிஷி பறக்கும் படகுகள் இங்கே நிறுத்தப்பட்டன. அடுத்த மாதமே பிரிட்டிஷ் விமானங்கள் வந்து அவற்றில் சிலவற்றைச் சுட்டு அழித்தன. அமைதிக் காலத்தில், 2011 தொடக்கத்தில், பவன் ஹன்ஸ் நிறுவனம் ‘ஜல் ஹன்ஸ்’ என்ற பெயரில் கடல்விமானச் சேவையை இங்கே ஓட்டியது. மிதவை பொருத்திய செஸ்னா கேரவன். ஹேவ்லாக்குக்கும் (இன்றைய ஸ்வராஜ் தீவு) திக்லிப்பூருக்கும் போய்வந்தது. சில ஆண்டுகளில் சேவை நின்றுபோனது. ஊருக்கே 2024இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறிவிட்டது. கடல்விமானம் வைத்திருப்பவர்கள் எந்த நாட்டிலும் செய்யும் ஒரு சடங்கு உண்டு: உப்புநீரில் இறங்கி வந்த விமானத்தை நல்ல தண்ணீரில் குளிப்பாட்டுவது. எத்தனை குளிப்பாட்டினாலும் பேனலுக்குப் பின்னால் ஹோஸ் பைப்பைப் பிடிக்க முடியாது. அங்கே காப்பாற்ற வேண்டியது ஒயர் கட்டியவரின் புத்தி.

அந்தப் புத்தியின் எளிய வடிவம் ஒரு தொங்கல் வளைவு. கனெக்டருக்குள் நுழையும் முன் ஒயரைக் கொஞ்சம் கீழே இறக்கி, பிறகு மேலே ஏற்றி நுழைக்க வேண்டும். ஒயர்வழி ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். நம் ஊரில் மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் ஒயரை, சுவருக்குள் நுழைக்கும் முன் வளைத்துவிடுவார்களே, அதே தந்திரம். எரிபொருள் குழாயும் ஒயரும் சேர்ந்து போக வேண்டிய இடத்தில் ஒயர் மேலே, குழாய் கீழே. கசிந்தால் சொட்டு ஒயர்மேல் விழக்கூடாது.

பூவுக்கு வருவோம். மல்லிகை கட்டுகிறவர் விரல்களைப் பாருங்கள். பூக்களை எதிரெதிராக வைத்து, நாரைக் காம்புகளைச் சுற்றிக் கொண்டுவந்து, விரலில் ஒரு கண்ணி போட்டு, அதைக் காம்புகளின் மேல் மாட்டி இழுக்கிறார். கண்ணியைப் போடும் திசையில் இருக்கிறது எல்லாம். சரியாகப் போட்டால் ஒவ்வொரு கட்டும் தன் காலில் நிற்கும். சரத்தை நடுவில் கிள்ளி இரண்டு பேருக்குக் கொடுத்தாலும் பூ உதிராது. மாற்றிப் போட்டால் ஒரு முனையை இழுத்ததும் மொத்தச் சரமும் உருவிக்கொண்டு வரும்.

மெழுகு நூலிலும் இதே கதைதான். ஒரு பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். நூலைப் பென்சிலின் நீளத்துக்குக் கொண்டுபோய், சுற்றி, கண்ணி வழியே இழுத்து, அடுத்த கட்டு, அடுத்த கட்டு என்று ஐந்தாறு கட்டுங்கள். இப்போது பென்சிலை உருவுங்கள். நூலில் ஐந்தாறு முடிச்சு வரிசையாக மிஞ்சினால் நீங்கள் கட்டியது பூக்காரர் கட்டு. நூல் வெறும் நூலாக நீண்டுவிட்டால் மறுபடி முயலுங்கள். கண்ணி வழியே நூல் தன்மேலேயே ஏறி அமுங்கவில்லை. விமானத்தில் ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் மற்ற கட்டுகள் நிற்க வேண்டும் என்பதால் இந்த வித்தியாசம் முக்கியம். இன்னும் எச்சரிக்கையானவர்கள் தொடர்கட்டே போடுவதில்லை. இடத்துக்கு இடம் தனித்தனி: இரண்டு சுற்றுச் சுற்றி, ஒன்றை ஒன்று குறுக்காக அமுக்கி, மேலே ஒரு நேர் முடிச்சு, மிச்சம் நறுக்கு. பழைய தொலைபேசி நிலையங்களிலும் மெழுகு நூலால்தான் கட்டினார்கள். செவ்வாயில் 2012இல் இறங்கிய கியூரியாசிட்டி வண்டியின் ஒயர்களும் நூலால் கட்டப்பட்டவைதான்.

நூல் ஒயரை நெரிப்பதில்லை, கூர்முனை கிடையாது, எடை அநேகமாக இல்லை. ஒரே குறை, நேரம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணி நேரம் விமானம் கட்டுகிறவருக்கு அது குறையே அல்ல என்பது என் கட்சி. பிளாஸ்டிக் டையே போடுவேன் என்பவர் நுனியை மட்டத்துக்கு மட்டமாக நறுக்கட்டும். உள்ளே கைவிடும் மெக்கானிக் வாழ்த்துவார்.

கட்டிய கொத்தைச் சட்டத்தோடு பிடித்துவைக்க ரப்பர் மெத்தை போட்ட உலோகக் கிளிப் வேண்டும். இரண்டு கிளிப்புக்கு நடுவே விரலால் மெல்ல அழுத்தினால் ஒன்றேகால் சென்டிமீட்டர் அளவுக்குக் கொத்து இறங்கலாம். வீணைத் தந்தி போல விறைக்கவும் கூடாது, கொடிக்கயிறு போலத் தொய்யவும் கூடாது. வளைவின் ஆரம் கொத்தில் உள்ள தடித்த ஒயரின் விட்டத்தைப்போல் பத்து மடங்காவது இருக்கட்டும். தகட்டில் போட்ட ஓட்டை வழியே போகும்போது ரப்பர் வளையம் இல்லாமல் போகவே கூடாது. எல்லாம் கட்டியானதும், விமானத்தைத் திருப்ப விமானி பிடிக்கும் ஸ்டிக்கை நான்கு மூலைக்கும் தள்ளிப் பார்க்க வேண்டும். ஷார்ட் ஆன ஒயரைக் கொண்டும் விமானத்தை இறக்கிவிடலாம். ஸ்டிக்கைச் சிக்கவைக்கும் ஒயரோடு இறக்க முடியாது.

இதுவரை சொன்னது ஒயரின் உடம்பு. ஒயரைச் சுற்றி ஓர் ஆவியும் உண்டு: காந்தப்புலம். மின்சாரம் ஓடும் எந்த ஒயரைச் சுற்றியும் அது இருக்கும். 5 ஆம்பியர் ஓடும் நேரான ஒயரிலிருந்து 10 சென்டிமீட்டர் தூரத்தில் அதன் பலம் 10 மைக்ரோடெஸ்லா. போர்ட் பிளேரில் காந்த ஊசியைத் திருப்பும் பூமியின் கிடைமட்டப் புலம் ஏறத்தாழ 40 மைக்ரோடெஸ்லா. ஒயரின் புலம் அதற்குக் குறுக்காக அமைந்துவிட்டால் ஊசி 14 டிகிரி விலகும். இங்கிருந்து கார் நிகோபார் சுமார் 275 கிலோமீட்டர் தெற்கே, நடுவில் பத்து டிகிரிக் கால்வாயின் வெறுங்கடல். அந்த ஊசியை நம்பிப் போனால் தீவிலிருந்து அறுபது கிலோமீட்டருக்கு மேல் விலகிக் கடந்துபோய்விடுவோம். ஜிபிஎஸ் இருக்கிறதே என்பீர்கள். ஜிபிஎஸ்ஸுக்கும் ஒயர் இருக்கிறது.

இதற்கு மருந்து பத்துப் பைசா செலவில்லாதது. விளக்குக்குப் போகும் ஒயரையும் அங்கிருந்து திரும்பி வரும் ஒயரையும் ஒன்றாக முறுக்கிவிட வேண்டும். போகும் மின்சாரமும் வரும் மின்சாரமும் எதிரெதிர்ப் புலங்களை உண்டாக்கி ஒன்றை ஒன்று அழித்துக்கொள்ளும். சடை பின்னுவது மாதிரி நெருக்கமாக வேண்டாம். சில சென்டிமீட்டருக்கு ஒரு முறுக்கு போதும்.

திரும்பி வரும் ஒயர் எங்கே போய்ச் சேருகிறது என்பதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். அலுமினிய உடம்பு கிடைத்துவிட்டது, எர்த்தை எங்கே வேண்டுமானாலும் முடுக்கலாம் என்று அங்கங்கே முடுக்கிவிடுகிறார்கள். ரேடியோவும் மின்னும் விளக்கும் ஒரே எர்த் வழியைப் பகிர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அந்த வழியின் தடை 0.02 ஓம்தான். விளக்கு 5 ஆம்பியர் இழுக்கும் ஒவ்வொரு தடவையும் அங்கே பத்தில் ஒரு வோல்ட் துள்ளும். மைக்கிலிருந்து வரும் குரலோடு சேர்ந்தால் அது தெளிவாகவே கேட்கும். ஹெட்போனில் டிக், டிக் என்று விளக்கு பேசும். ஆல்டர்னேட்டர் கொசு மாதிரி பாடும். ஆயிரக்கணக்கில் செலவழித்து ஃபில்ட்டர் வாங்கி மாட்டுகிறவர்களைப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். எஞ்சினுக்கும் விமானிக்கும் நடுவிலுள்ள தீத்தடுப்புப் பலகையில் ஒரே ஒரு பித்தளைக் கட்டை வைத்து, கருவிகளின் எர்த் எல்லாவற்றையும் தனித்தனியாக அங்கே கொண்டுவந்து சேர்த்தால் பாட்டு நின்றுவிடும். அமெரிக்காவில் பாப் நக்கல்ஸ் என்ற பொறியாளர் பல ஆண்டுகளாக இதை எழுதியும் சொல்லியும் வீட்டு விமானக்காரர்களிடையே பழக்கமாக்கினார். ஃபைபர் உடம்பு விமானத்துக்கு இது பழக்கம்கூட இல்லை, கட்டாயம். அந்த உடம்பு மின்சாரத்தைத் திருப்பிக் கொண்டுவராது. பெங்களூருவின் விமான ஆய்வகமான என்ஏஎல் 1980களில் அமெரிக்க வடிவமைப்பாளர் ரூட்டனின் லாங் ஈஸி அமைப்பை வைத்துச் செய்த சிறு விமானமும், 1993 நவம்பரில் முதலில் பறந்த ஹன்ஸாவும் அப்படிப்பட்ட ஃபைபர் உடம்புகள்தான்.

போக வர இரண்டு ஒயர் என்றால் நீளம் இரட்டிப்பாகிறது. இறக்கை நுனி விளக்கு 3 மீட்டரில் இருந்தால் ஒயர் 6 மீட்டர். 22 கேஜ் ஒயரின் தடை மீட்டருக்குச் சுமார் 0.053 ஓம். 5 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 1.6 வோல்ட் போய்விடும். 230 வோல்ட் வீட்டில் இதை யாரும் கவனிக்க மாட்டார்கள். 12 வோல்ட் விமானத்தில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் வரி. பருமன் கூட்டினால் எடை கூடும். இந்தப் பேரத்தை ஒவ்வோர் ஒயருக்கும் தனித்தனியே பேச வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

படகுக்காரரிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். எட்டு ஒயரும் ஒரே சிவப்பு நிறத்தில் இருந்தன. எது எதற்கு என்று எப்படிக் கண்டுபிடிப்பார்?

“ரெண்டு முனையிலயும் நம்பர் இருக்கு பாரு.”

வெள்ளை ஸ்லீவில் மார்க்கரால் எழுதி, மேலே கண்ணாடி ஸ்லீவ் போட்டுச் சூடு காட்டி இறுக்கியிருந்தார். எஞ்சின் அறைக் கதவின் உள்பக்கம் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு தாள் ஒட்டியிருந்தது. எட்டு எண்கள், எங்கிருந்து எங்கே, எந்த வருடம் மாற்றியது. எல்லாம் பென்சிலில்.

“பேனால எழுதக்கூடாதாண்ணே?”

“மாத்துவோம்ல?”

வீட்டு விமானத்தைக் கட்டியவரே பத்து வருடம் கழித்து அதைப் பழுது பார்ப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. விற்றிருக்கலாம். அவரே ஆனாலும் மறந்திருப்பார். இறக்கையின் தகட்டை ஆணியடித்து மூடியபின் அதற்குள் ஓடும் ஒயரை யாரும் பார்க்கப்போவதில்லை. ஆகவே நீங்கள் விமானம் கட்டினாலும் சரி, படகு கட்டினாலும் சரி, சுவருக்குள் பைப் இழுத்து வீடு கட்டினாலும் சரி, மூடுவதற்கு முன் ஒயருக்குப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து ஒரு படம் எடுத்து, அச்சுப்போட்டு, பென்சிலில் எழுதிய தாளோடு சேர்த்து வையுங்கள். போனில் மட்டும் வைக்காதீர்கள், போன் தொலைந்துவிடும்.